தீபாவளி வாரத்தில் பேருந்து நிலையம், ரயில் நிலையம் பக்கம் யாருக்கு உதவி தேவை? எப்படிக் கண்டுகொள்வது?

முடிச்சூர்_ரோடு:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் குடியிருப்பில் எட்டுப் பேர் சேர்ந்து இந்தத் தீபாவளிக்கு, வீடில்லாமல் வெளியே கிடக்கிறவர்களுக்கு ஏதாவது செய்யலாம் என்று இருக்கிறோம். இப்போதைக்குத் திட்டம் இதுதான்: தீபாவளி அன்று மதியம் 60 பிரியாணிப் பொட்டலம், தண்ணீர் பாட்டில், சின்ன ஸ்வீட் பாக்ஸ். பாதி சென்னை எழும்பூர் ரயில் நிலையத்துக்கு வெளியே, பாதி கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில்.

பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவதோடு முடியக்கூடாது என்று எங்களுக்கே தோன்றுகிறது. அந்த வாரத்தில் அங்கே ஆயிரக்கணக்கானவர்கள் மூட்டை முடிச்சோடு தரையில் படுத்திருப்பார்கள். அதில் ஊருக்குப் போகிறவர் யார், போக இடமில்லாதவர் யார், உடம்பு முடியாதவர் யார் என்று எப்படித் தெரிந்துகொள்வது? யாரை எந்த எண்ணில் கூப்பிட வேண்டும்? என்ன கொடுத்தால் உபயோகப்படும், என்ன செய்தால் வினையாகிவிடும்? களத்தில் இருக்கிறவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

கூரை_தேடி:

நல்ல கேள்வி. முதலில் உங்கள் நாளை மாற்றுங்கள். தீபாவளி அன்று மதியம் எழும்பூர், சென்ட்ரல், ராஜீவ் காந்தி மருத்துவமனை வாசல் எல்லா இடத்திலும் வண்டி வண்டியாகச் சாப்பாடு வந்து இறங்கும். ஒரே ஆளுக்கு நாலு பொட்டலம் கிடைக்கும். மூன்று கெட்டுப்போய்க் குப்பைக்குப் போகும். பட்டினி அடுத்த இரண்டு மூன்று நாளில்தான். மெஸ், பரோட்டா கடை, டீக்கடை எல்லாவற்றிலும் வேலை செய்கிறவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், கடை திறக்காது. சாலையோரத்தில் இருக்கிறவர்களில் நிறையப் பேர் அந்தக் கடைகளை நம்பித்தான் இருக்கிறார்கள்: பாத்திரம் கழுவி, தண்ணீர் தூக்கி, இரவு மிச்சமானதை வாங்கிச் சாப்பிட்டு. மூட்டை தூக்கும் வேலையும் கட்டட வேலையும் அந்த நாட்களில் நிற்கும். ஆகவே 60 பொட்டலமும் தீபாவளிக்கு மறுநாள் இரவும் அதற்கடுத்த நாள் காலையும் போகட்டும்.

ஆட்களை எப்படிப் பார்ப்பது? பயணிக்கும் வீடற்றவருக்கும் வித்தியாசம் பொருளில் தெரியும். ஊருக்குப் போகிறவர் பையைத் தலைக்கு வைத்துப் படுப்பார், செருப்பைப் பைக்குள்ளோ தலைமாட்டிலோ வைப்பார், அடிக்கடி மணி பார்ப்பார், பலகையைப் பார்ப்பார். நெடுநாளாக அங்கேயே இருக்கிறவருக்கு விரிக்க ஓர் அட்டையோ பழைய ஃப்ளெக்ஸ் பேனரோ இருக்கும். மழை அடிக்காத மூலை எது, காவலாளி எத்தனை மணிக்கு எழுப்புவார் என்று அவருக்குத் தெரியும்.

கவனமாகப் பார்க்க வேண்டியவர் இந்த இரண்டிலும் சேராதவர். உடை ஓரளவு சுத்தமாக இருக்கும், ஆனால் நேற்று பார்த்த அதே உடை. விரிக்க ஒன்றும் இருக்காது, வெறுந்தரையில் உட்கார்ந்தே தூங்குவார். பஸ் வந்தாலும் எழுந்திருக்க மாட்டார். தெருவுக்கு வந்து இரண்டு மூன்று நாள்தான் ஆகியிருக்கும்: மகன் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு கிளம்பிய பெரியவர், வேலையிலிருந்து துரத்தப்பட்ட வாட்ச்மேன், பணத்தைப் பறிகொடுத்தவர். இவர்களுக்கு இந்த நாலு நாளில் கை கொடுத்தால் வீட்டுக்கோ காப்பகத்துக்கோ போய்விடுவார்கள். ஒரு மாதம் கழித்து அது பத்து மடங்கு கஷ்டம். அதற்குள் அடையாள அட்டை தொலைந்திருக்கும், போன் போயிருக்கும், கால் புண்ணாகியிருக்கும்.

கையைப் பாருங்கள். புறங்கையில் பிளாஸ்டர் ஒட்டி, அதற்குக் கீழே சின்ன மூடியோடு ஊசிக்குழாய் அப்படியே இருக்கும். வென்ஃப்ளான் என்பார்கள். அது இருந்தால் மருத்துவமனையிலிருந்து சொல்லாமல் வந்துவிட்டவர் அல்லது கூட ஆள் இல்லாமல் வெளியே வந்துவிட்டவர். நீங்கள் பிடுங்காதீர்கள். ரத்தம் வரும், சீழ் பிடித்திருந்தால் இன்னும் மோசம். அவரிடம் பேசி மருத்துவமனைக்குத் திரும்ப அழைத்துப் போங்கள். நடக்க முடியாவிட்டால் 108.

பேச்சை எப்படித் தொடங்குவது என்பது முக்கியம். "ஏன் இங்க படுத்திருக்கீங்க?" என்று கேட்டால் போலீஸ் கேட்கிற மாதிரி இருக்கும், எழுந்து போய்விடுவார். "அம்மா, எந்த ஊர் பஸ்ஸுக்கு நிக்கிறீங்க?" என்று கேளுங்கள். பயணியாக இருந்தால் ஊர் பெயரைச் சொல்வார், வேலை முடிந்தது. போக இடமில்லாதவர் சற்றுத் தயங்குவார், அல்லது ஊரைச் சொல்லிவிட்டுத் தலை குனிவார். அப்போது பக்கத்தில் உட்காருங்கள், நின்றுகொண்டு பேசாதீர்கள். சாப்பிட்டாரா என்று கேளுங்கள். பெயரையும் ஊரையும் இரண்டாவது நாள் கேட்டால் போதும். போனை வெளியே எடுக்க வேண்டாம். யார் முகத்தையும் படம் எடுக்க வேண்டாம்.

காப்பகம் என்றால்: சென்னை மாநகராட்சியின் நகர்ப்புற வீடற்றோர் காப்பகங்கள் இருக்கின்றன. ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி, மனநலம் பாதித்தவர்களுக்குத் தனி, அரசு மருத்துவமனை வளாகங்களில் நோயாளியோடு வந்தவர்கள் தங்குவதற்கென்றும் சில. மாநகராட்சி எண் 1913 இரவு பகல் எப்போதும் எடுப்பார்கள். சொல்லும்போது ஆணா பெண்ணா, ஏறக்குறைய வயது, தானாக நடக்கிறாரா, சீழ் பிடித்த புண் இருக்கிறதா என்று நான்கையும் சொல்லுங்கள். படுக்கையிலேயே கிடக்கிறவரைக் காப்பகத்தில் வைத்துப் பார்க்க ஆள் இருக்காது, அவர் முதலில் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். இது தெரியாமல் அழைத்துப்போய் வாசலில் வாக்குவாதம் செய்து திரும்புகிறவர்கள் நிறைய.

வரமாட்டேன் என்று சொன்னால் இழுக்காதீர்கள். காரணம் கேளுங்கள். கணவனும் மனைவியும் என்றால் பிரிக்கப்படுவோம் என்று பயப்படுவார்கள். தள்ளுவண்டி வைத்திருப்பவர் வண்டியை எங்கே விடுவார்? காரணம் தெரிந்தால் பாதி நேரம் வழி கிடைக்கும்.

60 வயதுக்கு மேற்பட்டவர் என்றால் முதியோர் உதவி எண் 14567, காலை 8 முதல் இரவு 8 வரை. வீட்டில் துரத்திவிட்டார்கள், சொத்தை எழுதி வாங்கிக்கொண்டார்கள் என்கிற விஷயத்துக்கெல்லாம் அவர்கள்தான் சரி, குடும்பத்தோடும் பேசுவார்கள்.

ராத்திரி_ஷிஃப்ட்:

மேலே சொன்னதோடு உடம்பு சம்பந்தப்பட்டதை மட்டும் நான் சேர்க்கிறேன்.

தீபாவளி வாரத்தில் நடைபாதையில் ஒருவர் அசையாமல் கிடந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் "குடிச்சிட்டுக் கிடக்கான்" என்று தாண்டிப் போவார்கள். குடித்த வாசனை வருவதாலேயே வேறு ஒன்றும் இல்லை என்று ஆகிவிடாது. குடித்துவிட்டு விழுந்து மண்டையில் அடிபட்டவரும் அப்படித்தான் கிடப்பார். சர்க்கரை இறங்கியவரும் குழறுவார், தள்ளாடுவார், எரிந்து விழுவார். பக்கவாதம் வந்தவர் பேச்சும் குடிகாரர் பேச்சு போலவே இருக்கும். அதனால் ஒரு நிமிடம் ஒதுக்குங்கள்.

தோளைத் தட்டிச் சத்தமாகக் கூப்பிடுங்கள். கண் திறந்தால், சிரிக்கச் சொல்லுங்கள், இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள், பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். வாய் ஒரு பக்கம் கோணினாலோ ஒரு கை கீழே விழுந்தாலோ பேச்சு குழறினாலோ பக்கவாதமாக எடுத்துக்கொண்டு உடனே 108. எத்தனை மணிக்குக் கடைசியாக நன்றாக இருந்தார் என்று பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்டு நேரத்தை எழுதிக்கொள்ளுங்கள். அடைப்பைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள்தான் போட முடியும். நேரம் தெரியாவிட்டால் டாக்டர்கள் அந்த மருந்தைப் போடத் தயங்குவார்கள். உங்கள் கைக்குள் இருக்கிற அந்த ஒரு தகவல்தான் அவர் எழுந்து நடப்பாரா என்பதைத் தீர்மானிக்கலாம்.

கண் திறக்கவில்லை, ஆனால் மூச்சு வருகிறது என்றால் இடது பக்கமாகச் சாய்த்து, மேல் முழங்காலை மடக்கி, தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து வையுங்கள். வாந்தி வந்தாலும் வெளியே போய்விடும். மல்லாந்து கிடந்தால் வாந்தி மூச்சுக்குழாயில் இறங்கிச் செத்துப்போகலாம். போதையில் கிடக்கிறவர்கள் இப்படிச் சாவது உண்டு. காதிலோ மூக்கிலோ ரத்தம் வந்திருந்தால், உயரத்திலிருந்து விழுந்தது போலத் தெரிந்தால், கழுத்தைத் திருப்பாமல் அப்படியே வைத்து 108க்குச் சொல்லுங்கள். மூச்சே இல்லை என்றாலும், விட்டுவிட்டு இழுத்தாலும், போனை ஸ்பீக்கரில் போட்டு 108 சொல்கிறபடி நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள்.

மயங்கியவர் வாயில் தண்ணீர், சோடா, எலுமிச்சை எதுவும் ஊற்றக்கூடாது. விழித்திருந்து, வியர்த்து, கை நடுங்கி, சர்க்கரை நோய்க்காரர் என்று சொன்னால் மூன்று நாலு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து அவர் கையாலேயே குடிக்கக் கொடுங்கள். கால் மணி நேரத்தில் தெளியும். தெளிந்ததும் இட்லியோ வாழைப்பழமோ கொடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப இறங்கும்.

குடியை நிறுத்தியவர் இன்னொரு வகை. தினமும் குடித்தவர் காசில்லாமல் திடீரென்று நிறுத்தினால் இரண்டாவது மூன்றாவது நாளில் உடம்பு முழுக்க நடுங்கும், இல்லாத பூச்சியைத் தட்டிவிடுவார், வலிப்பு வரும். பண்டிகை முடிந்து கையில் இருந்ததும் தீர்ந்த பிறகு இதைப் பார்க்கலாம். அவரைத் திட்டிப் பிரயோசனமில்லை. உயிருக்கு ஆபத்தான நிலை, மருத்துவமனைதான்.

பல நாள் சாப்பிடாமல் எலும்பும் தோலுமாக இருக்கிறவருக்கு பிரியாணி கொடுக்காதீர்கள். வாந்தியும் பேதியும் மட்டும் பிரச்சனை இல்லை. ஒட்டிய உடம்பில் ஒரேயடியாக மாவுச்சத்து இறங்கினால் ரத்தத்தில் உப்புகள் தடுமாறி இதயத் துடிப்பே கெடலாம். கால் டம்ளர் உப்புப் போட்ட கஞ்சி, அரை மணி கழித்து இன்னொரு கால் டம்ளர், அப்படித்தான் தொடங்க வேண்டும். இப்படிப்பட்டவரை அன்றைக்கே மருத்துவமனையில் சேர்ப்பது நல்லது.

கால் புண்ணில் புழு நெளிவதைப் பார்த்தால் பதறி மண்ணெண்ணெய், பெட்ரோல், பினாயில் ஊற்றுகிறவர்கள் உண்டு. சதை வெந்துபோகும். சுத்தமான துணியைத் தளர்வாகச் சுற்றி அனுப்புங்கள். புழு எடுப்பதற்கு மருத்துவமனையில் முறை இருக்கிறது. மழையில் நாள் முழுக்க ஈரச் செருப்போடு இருந்து பாதம் வெளுத்துச் சுருங்கியவர்களுக்கு நீங்கள் செய்யக்கூடியது: கழுவி, விரல் இடுக்கு வரை துடைத்து, உலர்ந்த துணி கொடுப்பது.

பட்டாசுக் காயத்துக்கு ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ் கூடாது. பற்பசை, பேனா மை, தோசை மாவு கூடாது. அத்தனையையும் மருத்துவமனையில் உட்கார்ந்து சுரண்டி எடுத்த பிறகுதான் புண்ணையே பார்க்க முடியும், வலியில் துடிப்பார்கள். வீங்குவதற்குள் மோதிரம், வளையலைக் கழற்றிவிடுங்கள். ஒட்டிய துணியைப் பிய்க்க வேண்டாம். கண்ணில் தெறித்தால் தேய்க்க விடாதீர்கள். துகள் குத்தியிருந்தால் காகிதக் கப்பைக் கண்மேல் படாமல் கவிழ்த்து ஒட்டி எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கு. தீக்காயம் பெரிதென்றால் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனைக்கு.

108க்கு இடம் சொல்லும்போது "எழும்பூர் ஸ்டேஷன் பக்கத்துல" என்று சொன்னால் வண்டி எந்தப் பக்கம் வரும்? அந்த நிலையத்துக்கு இரண்டு பக்கமும் வாசல் இருக்கிறது. காந்தி இர்வின் சாலைப் பக்கமா, பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கமா, எந்தக் கடை எதிரில் என்று சொல்லுங்கள். ஒருவர் சாலையில் நின்று வண்டியைக் காட்டட்டும்.

கூடப் போனால் நம் தலையில் கட்டிவிடுவார்கள் என்ற பயத்தில்தான் நிறையப் பேர் ஒதுங்குகிறார்கள். யாரும் இல்லாதவரை அடையாளம் தெரியாதவர் என்று எழுதிச் சேர்த்துவிட்டு, மருத்துவமனையில் இருக்கிற போலீஸ் அவுட்போஸ்ட்டுக்குச் சொல்வார்கள். நீங்கள் இருந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. சாலை விபத்து என்றால் மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ல் சேர்த்த 134ஏ பிரிவு இருக்கிறது. உதவியவரைப் பெயர் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் அவர் கிடந்த இடம், நேரம், பக்கத்தில் இருந்த பை, இந்த மூன்றையும் ஆம்புலன்ஸில் ஒப்படைத்துவிட்டுப் போங்கள். அந்தப் பைக்குள் ஒரு ரேஷன் கார்டு நகலோ மருந்துச் சீட்டோ இருந்தால்தான் அவர் வீட்டாரைக் கண்டுபிடிக்க முடியும். பை தெருவிலேயே நின்றுவிடுவது அடிக்கடி நடக்கிற தவறு.

பாயிண்ட்_டு_பாயிண்ட்:

பேருந்து நிலையத்துக்கு ஒன்று. பண்டிகைக் கூட்டத்தில் திண்டாடுகிறவர்களில் பெரிய பங்கு தப்பான நிலையத்துக்கு வந்துவிட்டவர்கள். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் திறந்த பிறகு தென் மாவட்டப் பேருந்துகள் அங்கே போய்விட்டன. கிழக்குக் கடற்கரைச் சாலை, காஞ்சிபுரம், வேலூர், பெங்களூரு பக்கம் கோயம்பேடு. ஆந்திரா பக்கம் மாதவரம். பண்டிகைக்கு இதிலும் தற்காலிக மாற்றம் அறிவிப்பார்கள், ஆகவே அன்றைய அறிவிப்பை ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வயதானவர் இரவு 11 மணிக்குக் கோயம்பேட்டில் மதுரை பஸ்ஸைத் தேடிக்கொண்டிருப்பார், ஆட்டோக்காரர் கேட்கிற தொகை ஊர் டிக்கெட்டைவிட அதிகமாக இருக்கும். பெண்ணாக இருந்தால் மாநகரச் சாதாரணக் கட்டணப் பேருந்தில் இலவசமாகவே கிளாம்பாக்கம் போகலாம். சொகுசுப் பேருந்தில் அது செல்லாது என்பதையும் சொல்லி, சரியான வண்டியில் ஏற்றிவிடுங்கள்.

பணம் தொலைத்துவிட்டேன், ஊருக்குப் போக 400 ரூபாய் கொடுங்கள் என்று கேட்பவர்: உண்மையா பொய்யா என்று குறுக்கு விசாரணை செய்ய வேண்டாம். "வாங்க, பஸ்ல ஏத்தி விடறேன்" என்று கூடப் போங்கள். உண்மையான ஆள் முகம் மலர்ந்து வருவார். கண்டக்டரிடம் நீங்களே டிக்கெட் எடுத்து, இறங்கும் இடத்தைச் சொல்லி, எழுப்பிவிடச் சொல்லுங்கள். பெரும்பாலான கண்டக்டர்கள் செய்வார்கள். சாப்பாட்டுக்கு ஒரு 100 ரூபாய் தனியாக. ஊரில் ஒருவருக்குப் போன் செய்து வண்டி எண்ணையும் சேரும் நேரத்தையும் சொல்லிவிடுங்கள். பெரியவர் மேல்சட்டைப் பையில் ஊர், நிறுத்தம், வீட்டு எண் எழுதிய சீட்டு ஒன்று. ஊரில் இறங்கி அங்கிருந்து டவுன் பஸ் பிடிக்க வேண்டுமென்றால் அதற்கும் சில்லறை வேண்டும்; இந்த 20 ரூபாயைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

தனியாக நிற்கிற குழந்தை: நின்ற இடத்தை விட்டு நகராதீர்கள். பெற்றோர் தேடித் திரும்ப வருவது அந்த இடத்துக்குத்தான். ஒருவர் குழந்தையோடு இருக்க, இன்னொருவர் போய் ஒலிபெருக்கியில் சொல்லச் சொல்லட்டும். அறிவிப்பில் குழந்தையின் பெயரைச் சொல்ல வேண்டாம். "காணாமல் போன சிறுவனின் பெற்றோர் விசாரணை அறைக்கு வரவும்" என்றால் போதும். வருகிறவரிடம் பெயரையும் சட்டை நிறத்தையும் நீங்கள் கேளுங்கள். குழந்தை அவரைப் பார்த்ததும் என்ன செய்கிறது என்று பாருங்கள். கால் மணி நேரத்தில் யாரும் வராவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098, ரயில் நிலையமென்றால் ரயில்வே உதவி எண் 139 அல்லது ரயில்வே பாதுகாப்புப் படை. சட்டப்படி 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லியே ஆக வேண்டும். நல்லெண்ணத்தில் வீட்டுக்கு அழைத்துப்போய் இரவு வைத்துக்கொள்வது உங்களுக்கே வினை. வாட்ஸப்பில் படம் போடுவதும் அப்படித்தான். சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74 அதைக் குற்றம் என்கிறது. தவிர, வீட்டில் அடிதாங்காமல் ஓடிவந்த பிள்ளையின் படம் யார் கைக்குப் போகும் என்று நமக்குத் தெரியாது.

கூரை_தேடி:

பாயிண்ட் சொன்னதை ஒட்டி இன்னொன்று. இரவில் பிள்ளைகளோடு பெண் தனியாக உட்கார்ந்திருந்தால் கால்களைப் பாருங்கள். செருப்பில்லாமல், பை இல்லாமல், பிள்ளைகள் வீட்டில் உடுத்துகிற உடையோடு இருந்தால் வீட்டைவிட்டு அவசரமாகக் கிளம்பியிருக்கிறார். பண்டிகைச் செலவு, குடி, அடி. அவர் கேட்காமல் கணவருக்குப் போன் போடாதீர்கள். "எங்க இருக்கேன்னு சொல்லிட்டீங்களே" என்று அவர் அங்கிருந்தும் ஓட வேண்டி வரும். பெண்கள் உதவி எண் 181ல் எப்போதும் எடுப்பார்கள், தங்க இடமும் ஏற்பாடு செய்வார்கள். உங்கள் குழுவில் இருக்கிற அக்கா யாராவது பேசட்டும், ஆண்கள் பத்தடி தள்ளி நில்லுங்கள்.

தனக்குத்தானே பேசிக்கொண்டு, உடை அவிழ்ந்தது தெரியாமல், போக்குவரத்து நடுவே நடக்கிறவர்: கூட்டம் கூடாமல் பார்த்துக்கொள்வதுதான் முதல் உதவி. எதிரில் போய் நிற்காமல் பக்கவாட்டில், இரண்டு கை தூரம் தள்ளி நின்று, மெதுவாகப் பேசி, சாப்பிட ஏதாவது நீட்டுங்கள். காவல் நிலையத்துக்குச் சொல்லும்போது மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, பிரிவு 100 என்று சொல்லுங்கள். அலைந்து திரிகிற மனநோயாளரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியது நிலைய அதிகாரியின் கடமை. லாக்கப்பில் வைக்கக் கூடாது என்றும் அதிலேயே இருக்கிறது. பிரிவு எண்ணைச் சொன்னால் பேச்சு சுருக்கமாக முடியும். மனம் உடைந்து பேசுகிறவர், சாகலாம் என்று சொல்கிறவர் என்றால் மனநல உதவி எண் 14416. தமிழிலேயே பேசலாம், எந்நேரமும். உங்கள் போனிலிருந்தே போட்டு அவர் கையில் கொடுங்கள். ரயில் வரும் ஓரத்தில் நின்றால் முதலில் பெஞ்சுக்கு அழைத்து வாருங்கள்.

முடிச்சூர்_ரோடு:

இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. சாப்பாட்டை மறுநாள் இரவுக்கு மாற்றிவிட்டோம். இரண்டு சந்தேகம். பிரியாணிக்குப் பதில் என்ன செய்யலாம், 60 பேருக்கு அளவு என்ன? சாப்பாடு தவிர ஆளுக்கு 300 ரூபாய் அளவில் ஒரு பை போடலாம் என்கிறார்கள், அதில் என்ன வைக்கலாம்?

பெரிய_அடுப்பு:

இரவு வெளியே கொண்டுபோகிற சாப்பாட்டுக்குப் புளியோதரைதான். 6 கிலோ புழுங்கல் அரிசி, 600 கிராம் புளி, 600 மில்லி நல்லெண்ணெய், வேர்க்கடலை ஒரு கிலோ தாராளமாக; வயிறு நிற்பது கடலையால்தான். ஆளுக்கு 100 கிராம் அரிசி என்பது வெந்தால் கையளவுப் பொட்டலம் ஒன்று, சரியாக வரும். அதோடு ஒரு அவித்த முட்டை, ஒரு வாழைப்பழம். முட்டையை உரிக்காமல் கொடுங்கள், உரித்தால் சீக்கிரம் கெடும். சாம்பார் சாதமென்றால் 6 கிலோ அரிசிக்கு 2 கிலோ துவரம் பருப்பு, ஆனால் சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் கை மாறிவிட வேண்டும். தேங்காய்ச் சட்னி, உருளைக்கிழங்கு மசாலா, பால் ஸ்வீட் மூன்றும் வேண்டாம், முதலில் கெடுவது இவைதான்.

சாதத்தைக் கிளறிச் சூட்டோடு பொட்டலம் கட்டினால் உள்ளே வியர்த்து மூன்று மணி நேரத்தில் நூல்விடும். அகலமான தட்டில் பரப்பி, விசிறி போட்டு, கை பொறுக்கிற சூட்டுக்கு வந்த பிறகு கட்டுங்கள். வாழை இலை, மேலே செய்தித்தாள் இல்லாத வெள்ளைத் தாள், நூல். ஸ்டேப்ளர் பின் அடிக்கவே கூடாது. இருட்டில், கண் மங்கிய பாட்டி, அவசரப் பசியில் பிரிக்கும்போது பின் சாதத்தில் விழுந்து உள்ளே போய்விடும். சமைத்த நேரத்தைத் தாள் மேல் பெரிய எண்ணில் எழுதுங்கள், கொடுக்கும்போது "இன்னிக்கி ராத்திரியே சாப்பிட்டுடுங்க, வைக்காதீங்க" என்று வாயாலும் சொல்லுங்கள். 60ல் பத்தைப் பல்லில்லாதவர்களுக்கென்று குழைந்த தயிர் சாதமாக வையுங்கள், அதைக் கடைசியில் கிளறி முதலில் கொடுத்துவிடுங்கள்.

மருத்துவமனை வாசலில் இருக்கிறவர்களுக்குச் சமைத்துக்கொண்டு போவதற்கு முன்னால் உள்ளே அம்மா உணவகம் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். இட்லி 1 ரூபாய், பொங்கல் 5, சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3, இரண்டு சப்பாத்தி 3. நோயாளியோடு வந்தவரைக் கூட்டிப்போய் எங்கே இருக்கிறது என்று காட்டிவிட்டால் பத்து நாளைக்கும் வழி தெரிந்துவிடும். வெளியூரிலிருந்து வந்தவர்களில் பலருக்கு அது இருப்பதே தெரியாது.

கூரை_தேடி:

300 ரூபாய்ப் பைக்கு: ஆணுக்கு ஒரு லுங்கி, பெண்ணுக்கு ஒரு நைட்டியும் துண்டும். புதுப் புடவை, பட்டுக்கரை வேட்டி வேண்டாம். விற்றுச் சாப்பிடுவார்கள், அது தப்பில்லை, ஆனால் 400 ரூபாய்ப் புடவைக்கு அவர்களுக்குக் கிடைப்பது 50. வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும் காலம் என்பதால் 6 அடிக்கு 4 அடி தார்ப்பாய் ஒன்று கம்பளியைவிட மேல். கம்பளி ஒரு முறை நனைந்தால் மூன்று நாள் காயாது, நாறும், தூக்கிப் போட்டுவிடுவார்கள். சலவை சோப்பு, குளியல் சோப்பு, பல்பொடி, நகவெட்டி, உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டு. பெண்களுக்கு நாப்கின், கூடவே மாற்று உள்ளாடை. நாப்கினை மட்டும் கொடுத்தால் வைக்க உள்ளாடை இல்லாமல் அப்படியே கிடக்கும். செருப்பை முன்கூட்டியே வாங்காதீர்கள். முதல் நாள் போய் அளவு கேட்டு எழுதி, மறுநாள் பெயர் சொல்லிக் கொடுங்கள். இரண்டாவது முறை திரும்பி வந்தீர்கள் என்பதற்காகவே பேச ஆரம்பிப்பார்கள்.

எல்லாம் கறுப்போ அடர்நீலமோ ஆன துணிப்பையில். பளபளக்கிற பை என்றால் அன்று இரவே காணாமல் போகும்.

வரிசையில் நிற்க வைத்துக் கொடுக்காதீர்கள். வரிசை என்றால் ஓடக்கூடியவர்தான் முன்னால் வருவார், காலில்லாதவருக்கு எதுவும் மிஞ்சாது. இரண்டிரண்டு பேராகப் பிரிந்து, உட்கார்ந்திருக்கிற இடத்துக்கே போங்கள். இரவு பத்தரைக்கு மேல் போனால் பயணிகள் கூட்டம் குறைந்து யார் யார் தங்குகிறார்கள் என்று தெளிவாகத் தெரியும். தூங்குகிறவரை எழுப்ப வேண்டாம், தலைமாட்டில் சாப்பாட்டை வைத்துவிட்டும் வர வேண்டாம். நாய் இழுத்துவிடும், எறும்பு மொய்க்கும். பக்கத்தில் விழித்திருப்பவரிடம் சொல்லிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

ராத்திரி_ஷிஃப்ட்:

ஒன்று விட்டுவிட்டேன். உங்கள் குடியிருப்பிலேயே செய்ய வேண்டியது. கம்பி மத்தாப்பு எரிந்து முடிந்ததும் அந்தக் கம்பி சில நிமிடம் பழுக்கக் காய்ந்திருக்கும். தெருவில் போட்டால் செருப்பில்லாமல் நடக்கிறவர்கள், காலையில் குப்பை பொறுக்க வருகிறவர்கள் கால்தான் அதில் படும். வாசலில் ஒரு வாளித் தண்ணீர் வைத்து அதில் போடச் சொல்லுங்கள். வெடிக்காத வெடிகளை இரவே தண்ணீரில் ஊறவைத்து, பட்டாசுக் குப்பையைத் தனி மூட்டையாக, மேலே எழுதி வைத்துக் கொடுங்கள். மறுநாள் விடியற்காலையில் அதைக் கையால் அள்ளுகிறவர் தூய்மைப் பணியாளர். அன்றைக்கு டீக்கடையும் இருக்காது. ஆறு மணிக்கு ஒரு ஃபிளாஸ்க் டீயும் ஒரு பாக்கெட் பன்னும் கீழே கொண்டுபோய் வையுங்கள்.

முடிச்சூர்_ரோடு:

குறித்துக்கொண்டேன். எண்களை எல்லாம் ஒரே அட்டையில் அடித்து எட்டுப் பேருக்கும் கொடுக்கிறோம்: 108, 1098, 181, 14567, 14416, 139, 1913. செருப்பு அளவு எடுக்க தீபாவளிக்கு முந்தின இரவு நாலு பேர் போகிறோம். கிளாம்பாக்கத்தில் எந்தப் பக்கம் தங்குகிறவர்கள் அதிகம் என்று தெரிந்தால் யாராவது சொல்லுங்கள்.

பாயிண்ட்_டு_பாயிண்ட்:

முதலில் நிலையத்தின் விசாரணை அறையிலும் அங்கிருக்கிற காவலர்களிடமும் சொல்லிவிட்டுப் போங்கள். தினமும் இரவு யார் எங்கே படுக்கிறார்கள் என்று காவலாளிகளுக்கும் துப்புரவு செய்கிற அக்காக்களுக்கும் தெரிவது போல வேறு யாருக்கும் தெரியாது. "ரெண்டு மூணு நாளா பஸ் ஏறாம யாராவது உட்கார்ந்திருக்காங்களா?" என்று அவர்களிடம் கேளுங்கள், கையோடு கூட்டிப்போய்க் காட்டுவார்கள். கழிவறைக்கு வெளியேயும் மழைச்சாரல் அடிக்காத சுவர் ஓரங்களிலும் ஒரு சுற்று வாருங்கள். நிலையத்துக்கு உள்ளே மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாமல், ஜி.எஸ்.டி. சாலைப் பக்க நிறுத்தத்தையும் சேர்த்துப் பாருங்கள். உள்ளே விடமாட்டார்கள் என்று நினைக்கிறவர்கள் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள்.